கீழ் மெஷின்

கம்பி இன்னும் கீபோர்டைத் தொடவே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாடை கழன்று விழுகிற மாதிரி ஒரு கொட்டாவியை விட்டு முடிப்பதற்குள் திரையில் ஒரு வரி வந்து நின்றது. நீ யார் என்று கேட்கிற வரி. உள்ளே விடுவதற்கு முன்னால் எல்லாக் கம்ப்யூட்டரும் கேட்கிற கேள்விதான், அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பதில் விழத் தொடங்கியது. அவனுடைய கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

பதிலும் ஒரு கேள்வியாகத்தான் இருந்தது. நீ யார்?

தப்பு என்றது மெஷின். மறுபடி கேட்டது, நீ யார். அந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது, நீ யார். தப்பு. நீ யார். தப்பு. வரிகள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு மேலே ஓடின.

கொஞ்ச நேரம் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கம்பி தன் தலையில் தானே ஒரு தட்டுத் தட்டிக்கொண்டான். சின்னப் பையன் செய்கிற தப்பு. லைனுக்கு இரண்டு முனை. ஒரு முனை கேட்க வேண்டும், மறுமுனை பதில் சொல்ல வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இரண்டு முனையிலும் கேட்கிற புரோகிராமையே ஓட விட்டிருக்கிறான். எதிரெதிர் கேட்டில் நிற்கிற இரண்டு வாட்ச்மேன்கள், யாருய்யா நீ, நீ யாருய்யா என்று விடிய விடிய கத்திக்கொண்டிருப்பதுபோல. யாரும் உள்ளே போகப் போவதில்லை, யாரும் வாயை மூடப் போவதுமில்லை.

பகல்தான். வெளியே வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. ஆனால் சன்னல் இல்லாத அறைக்குப் பகலென்ன, இரவென்ன. குழல் விளக்கின் இரைச்சல், சூடேறிய தூசியின் வாசனை, கீழே குளிர்க்கிடங்கின் கம்ப்ரசர்கள் தரை வழியாக அனுப்புகிற உறுமல். அந்த உறுமலை அவன் காதால் கேட்பதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது, பாதத்தால்தான் கேட்பான். லீவு நாள். லாரி கிடையாது, லோடுமேன் கிடையாது. கட்டடம் முழுக்க அவனும் கேட்டில் வாட்ச்மேனும்தான்.

ஒல்லி உடம்பு, ஒயர் வேலை. அதனால் கம்பி என்று பட்டப்பெயர். அப்பா மூட்டை தூக்கியவர். பையனாவது நிழலில் உட்காரட்டும் என்று படிக்க வைத்தார். நிழலில்தான் உட்கார்ந்திருந்தான். அப்பா ராத்திரி வீட்டுக்கு வரும்போது அவர் கண் எப்படி இருக்குமோ அப்படித்தான் இப்போது இவன் கண்ணும் இருந்தது.

இந்தக் கட்டடத்தில் இரண்டு மெஷின். மேல் மெஷின் இந்த அறையில். சரக்குக் கணக்கு அதன் வேலை. கீழ் மெஷின் குளிர்க்கிடங்கின் முன்னறையில், தடித்த இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம். கதவைப் பூட்டுவதும் திறப்பதும் அதன் வேலை. போன குளிர்காலத்தில் ஒருநாள் நெட்வொர்க் செத்துப்போனது. கதவு விழுந்து பூட்டிக்கொண்டது. உள்ளே அவன் மச்சான், பெண்டாட்டியின் அண்ணன். லோடுமேன். உள்ளேயிருந்து திறக்கிற கைப்பிடி உடைந்து நாளாகியிருந்தது. சரிசெய்யச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள், மேனேஜரும் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்திருந்தார். மேலே கம்பி பைத்தியக்காரன் மாதிரி கீபோர்டைத் தட்டினான். கீழ் மெஷினுக்குப் போக நெட்வொர்க்கைத் தவிர வேறு பாதையே இல்லை. கடைசியில் கதவை வெட்டித்தான் திறந்தார்கள். மச்சான் கீழ் மெஷினின் கீபோர்டு மேல் கவிழ்ந்து கிடந்தார். ஆயுசில் கீபோர்டைத் தொட்டவரில்லை. எதையாவது தட்டினால் யாருக்காவது கேட்காதா என்று தட்டியிருக்கிறார். விரல்களைச் சாவிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

அதற்கப்புறம் அதைப் பற்றி அவன் பெண்டாட்டி பேசியது ஒன்றே ஒன்றுதான். "அண்ணன் அங்க தட்டிக்கிட்டு இருந்திருக்கான். நீங்க இங்க தட்டிக்கிட்டு இருந்திருக்கீங்க. நடுவுல ஒரு ஒயர் இல்லையா?"

இல்லை. அந்த ஒயரைத்தான் இன்றைக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நெட்வொர்க் இருந்தாலும் செத்தாலும் மேல் மெஷினிலிருந்து கீழ் மெஷினுக்குள் நேராகப் போகிற ஒரு கேபிள். எலக்ட்ரீஷியன் மாடிப்படி ஓரமாக இழுத்துவிட்டுப் போயிருந்தான். காலையில் கம்பி கீழே போய், கதவில் ஒரு காலிப் பெட்டியை அண்டக் கொடுத்துவிட்டு, முன்னறைக்குள் குனிந்து நுழைந்து, கேபிளைக் கீழ் மெஷினில் செருகினான். நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கிப் போட்டான். அவசரத்துக்கு உதவுமா என்று பார்க்க வேண்டுமானால் அவசரத்தை உண்டாக்கத்தானே வேண்டும். முனையில் டெஸ்டரை வைத்து லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அவன் பார்க்கவில்லை. அந்தக் கீபோர்டுக்கு முன்னால் அதற்கு மேல் ஒரு நிமிஷம் நிற்க உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டியை உதைத்துத் தள்ளிவிட்டு மேலே வந்துவிட்டான். கதவு பின்னால் தானாகப் பூட்டிக்கொண்ட சத்தம் மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தது.

மேல் முனையில் கேட்கிற புரோகிராமை நிறுத்தினான். ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. திரையில் இப்போது கீழ் மெஷினின் கேள்வி மட்டும் தனியாக இருந்தது. நீ யார்? அப்படித்தான் இருக்க வேண்டும். பெயரைத் தட்டினால் முடிந்தது வேலை. வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

விரலைச் சாவி மேல் கொண்டுபோனான்.

கேள்விக்குப் பக்கத்தில் ஒரு எழுத்து விழுந்தது. அவன் தட்டாத எழுத்து.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. எலக்ட்ரீஷியன் கம்ப்ரசருக்குப் போகிற பவர் கேபிளோடு சேர்த்து இதையும் கட்டியிருப்பான். மோட்டார் ஓடினால் பக்கத்து ஒயரில் குப்பை எழுத்து விழும். அழித்தான். மறுபடி விழுந்தது. அதே எழுத்து. அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் இன்னொன்று. குப்பை என்றால் பொலபொலவென்று கொட்டும். இது அப்படிக் கொட்டவில்லை. சாவி எங்கே இருக்கிறது என்று தெரியாத ஒருவர், பலகை முழுக்கத் தேடித் தேடி, கண்டுபிடித்து, விறைத்த விரலை அதன் மேல் வைத்து, உடம்பின் பாரத்தையே போட்டு அமுக்குவதுபோல ஒவ்வொன்றாக வந்தது.

இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தமிழ் வார்த்தை. வழி.

தப்பு என்றது மெஷின். நீ யார்?

வழி.

கம்பி போனை எடுத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டான். பட்டாளத்தை எட்டிக்கூடப் பார்த்திராத அந்த மனுஷருக்கு, மீசையை மட்டும் பார்த்து மிலிட்டரி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அண்ணே, நான் காலையில கீழ வேலை செஞ்சப்ப கதவாண்ட நீங்கதானே நின்னீங்க?"

"பின்ன, உங்க மாமனாரா நின்னாரு?"

"நடுவுல எங்கயாவது போனீங்களா?"

அந்தப் பக்கம் ஒரு செருமல். "ஒண்ணுக்குப் போக வேணாமா தம்பி? வயசான உடம்பு."

"அந்த நேரத்துல யாராவது உள்ள நுழைஞ்சிருப்பாங்களா?"

"லீவு நாள்ல எவன் வந்து ஐஸ்ல நிக்கப் போறான்? வெயிலுக்கு ஒதுங்குறேன்னு வந்திருந்தாத்தான் உண்டு. ஏன், என்ன?"

"கேமராவுல பாருங்களேன்."

"அது பனி மூடிப் போய் மாசக்கணக்குல ஆச்சு. எல்லாம் வெள்ளையாத்தான் தெரியும்." மிலிட்டரி கொஞ்சம் தயங்கினார். "தம்பி, மச்சான் ஞாபகத்துல இருக்கீங்க. சீக்கிரம் முடிச்சிட்டுக் கிளம்புங்க. அங்க செத்துப்போனவன் அவன் ஒருத்தன் மட்டுமில்ல. கணக்குல வந்தவன் அவன் ஒருத்தன், அவ்வளவுதான்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"அந்தக் காலத்துல கூலிக்கு வந்தவனுக்கெல்லாம் பேரு யாரு எழுதி வச்சா? கைய நீட்டி, நீ வா, நீ வான்னு உள்ள விடுவாங்க. சாயங்காலம் எத்தனை பேரு வெளிய வந்தான்னு எவன் பார்த்தான்? விடுங்க. டீ வாங்கி வைக்கவா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டான்.

வழி. அந்த வார்த்தை அவனுக்குத் தெரியும். சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது கிடங்குச் சந்தில் கேட்ட வார்த்தை. முதுகில் பாரத்தோடு குனிந்து வருகிறவனுக்கு முன்னால் நிற்பவனின் முகம் தெரியாது, காலடி மட்டும்தான் தெரியும். வழி, வழி என்று சொல்லிக்கொண்டே வருவான். நிற்கிறவன் முதலாளியானாலும் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். லோடுமேன் சொல்கிற வார்த்தை. அப்படியானால் உள்ளே ஒரு லோடுமேன். உயிருள்ள ஒருத்தன். வெயிலுக்கு ஒதுங்கியவன். காலையில் கம்பி பெட்டியை உதைத்துத் தள்ளினானே, அப்போது உள்ளே இருட்டில் சுருண்டு படுத்திருந்தவன்.

கதவைப் பூட்டியது அவன். நெட்வொர்க்கைப் பிடுங்கியதும் அவன். புதுக் கைப்பிடி இன்னும் வரவில்லை. கேபிள்தான் முதலில் வந்தது.

போன் அதிர்ந்தது. பெண்டாட்டி.

"என்னாச்சு?"

"நடந்துக்கிட்டு இருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

அவள் அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. "இல்ல. வந்து சாப்பிடுறேன்."

"அது வேலை செஞ்சா போன் பண்ணுங்க," என்றாள். "செய்யலன்னா பண்ணாதீங்க."

திரையில் வரிகள் கூடியிருந்தன. வழி. வழி. வழி. இப்போது வேகம் வந்திருந்தது. கை பழகிவிட்டதுபோல. அல்லது கைகள் கூடிவிட்டதுபோல. ஒரு வரி முடிவதற்குள் அடுத்தது முளைத்தது. சில இடங்களில் ஒன்றின் நடுவே இன்னொன்று புகுந்து எழுத்துகள் கலைந்து கிடந்தன. கீழ் மெஷினும் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. நீ யார்? பெயர் இல்லாதவர்களிடம் பெயர் கேட்டது. தப்பு. தப்பு. தப்பு.

அறை குளிர்ந்திருப்பதை அப்போதுதான் கவனித்தான். ஏசியால் இல்லை; கேபிள் வருகிற சுவரோட்டையிலிருந்து குளிர் வந்தது. ஈரச் சாக்கின் வாசனை. பழைய இரும்பு வாசனை. கேபிளின் கறுப்புத் தோல் மேல் வியர்வை பூத்ததுபோல நீர்த்துளிகள்.

எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. லைனைப் பிடுங்கிவிட்டு, வேலை செய்யவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு வாரம் தூங்கலாம். ஒருத்தன் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே ஒருத்தன் எழுந்து போவதா? அதுவும் இதே கட்டடத்தில், இதே நாற்காலியிலிருந்து.

எல்லா வரிகளுக்கும் நடுவே புகுந்து தன் பெயரைத் தட்டினான்.

உடனே உள்ளே விட்டது. பாஸ்வேர்ட் கேட்டதா, கேட்கவில்லையா? யோசிக்கவில்லை. கதவு, திற என்று தட்டினான். எண்டர்.

எல்லாம் நின்றது. கம்ப்ரசர்கூட நின்றது. பாதத்துக்குக் கீழே வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருந்த உறுமல் நின்றபோது தரையே காணாமல் போன மாதிரி இருந்தது. கீழே, வெகு கீழே, ரப்பர் விளிம்பு பிரிகிற சத்தம். கனமான பெருமூச்சு மாதிரி.

திரையில் ஒரே வரி. திறந்தது.

கம்பி சிரித்தான். கண்ணீரும் வந்தது. முதலுதவிப் பெட்டிக்கு மேல் மடித்து வைத்திருந்த கம்பளியை இழுத்துக்கொண்டு, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு ஓடினான். ஓடிக்கொண்டே போன் போட்டான்.

"வேலை செய்யுது," என்றான். மூச்சு வாங்கியது. "லைன் வேலை செய்யுது. கதவு திறந்திடுச்சு. உள்ள ஒருத்தன் மாட்டியிருந்தான், நான் இங்கருந்தே திறந்துட்டேன்."

அவள் அழுதாள். அண்ணன் செத்த அன்றைக்குக்கூட அழாதவள்.

"வச்சிடாதீங்க," என்றாள் அப்புறம். "வச்சிடாதீங்க. அவரு நல்லா இருக்காரான்னு பார்த்துச் சொல்லுங்க."

போனைக் காதில் வைத்தபடியே இறங்கினான். மாடிப்படித் திருப்பத்தில் விளக்கு மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. சுவரில் எலக்ட்ரீஷியன் பொருத்தியிருந்த சின்னப் பெட்டி; மேலிருந்து வரும் கேபிளும் கீழிருந்து வரும் கேபிளும் அதற்குள்தான் சேர வேண்டும். அதன் மூடி திறந்து ஒரு திருகாணியில் தொங்கியது. மூடிவிட்டுப் போகலாம் என்று கை நீட்டினான்.

மேலிருந்து வந்த கேபிள் பெட்டிக்குள் முடிந்திருந்தது. முனையில் டேப் சுற்றியிருந்தது. கீழிருந்து வந்த கேபிள் தனியாகச் சுருண்டு கிடந்தது. அதன் முனையிலும் டேப். அப்புறம் வந்து சேர்த்துக்கொள்ளலாம் என்று எலக்ட்ரீஷியன் போட்டுவிட்டுப் போன டேப். இரண்டுக்கும் நடுவே ஒரு கை நுழைகிற இடைவெளி.

சேர்க்கவே இல்லை.

மேல் மெஷின் காலையிலிருந்து யாரோடும் பேசவில்லை. இந்தச் சுவரோடு பேசியிருக்கிறது. அப்படியானால் நீ யார் என்று அதைக் கேட்டது எது? அவன் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டது எது? திறந்தது என்று சொன்னது எது?

"என்னங்க?" என்றாள் போனில். "என்ன சத்தம் அது?"

கீழே, திருப்பத்துக்கு அப்பால், படியில் காலடி. செருப்பில்லாத கால். பாரம் சுமக்கிறவன் காலை எடுத்து வைக்கிற மாதிரி, வைத்து, நின்று, மூச்சை இழுத்து, அடுத்த படி. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால். சுவரில் பனி ஏறிக்கொண்டு வந்தது. விளக்குக் கண்ணாடி வெளுத்தது.

"வழி…"

குரல் இல்லை. குரல் இருந்த இடத்தில் வெறும் காற்று.

"வழி… வழி…"

ஓட வேண்டும். கால் கேட்கவில்லை. கிடங்குச் சந்தில் வளர்ந்த உடம்பு, அதற்குத் தெரிந்ததைச் செய்தது. சுவரோடு ஒட்டிக்கொண்டது. வழி விட்டது.

முதலாவது அவனை உரசிக்கொண்டு போனது. இடுப்பு வரைக்கும் குனிந்த முதுகு. தோளில் மடித்துப் போட்ட சாக்கு, பலகையாக உறைந்தது. முகம் தெரியவில்லை. முதுகில் இருந்தது தெரிந்தது. மூட்டை என்று நினைத்தான். மூட்டை இல்லை. முழங்கால் மார்போடு மடிந்து, தாடை முழங்காலில் பதிந்து, பெட்டிக்குள் வைத்து உறையவிட்டதுபோலச் சதுரமாக ஒரு மனிதன். இமையில் பனி. பனிக்கு அடியில் கண் அசைந்தது. கம்பியைப் பார்த்தது. தாண்டிப் போனது.

இரண்டாவது. அதன் முதுகிலும்.

மூன்றாவது. அதன் முதுகிலும்.

எண்ணுவதை விட்டுவிட்டான். போன் கையிலிருந்து நழுவிப் படியில் விழுந்து, "ஏங்க… ஏங்க…" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் அதை மிதிக்காமல் பார்த்துத் தாண்டிப் போனது. மேலே போயின. வெளியே போகிற கதவு மேலே இல்லை. அவை அந்தக் கதவைத் தேடவில்லை. அவனுடைய அறைக்குத்தான் போயின.

கடைசியாக வந்தது அவனுக்கு நேராக நின்றது.

குனிந்த முதுகு. அதில் ஒன்றும் இல்லை.

நின்றது திரும்பி, அவனுக்கு முதுகைக் காட்டி, மெதுவாக, முட்டி நெறிபட, அவன் காலடியில் குந்தியது. முதுகில் மூட்டையை ஏற்றிவிட ஆள் இருக்கும்போது லோடுமேன் குந்துவான், அப்படி. சாக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டது. பிறகு கை ஒன்று பின்னால் நீண்டது. விரல்கள் எல்லாம் உள்பக்கம் வளைந்து விறைத்த கை. அவனுடைய முழங்காலைத் தொட்டது. அதை மார்பை நோக்கி, பொறுமையாக, மடக்கத் தொடங்கியது.